28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குப் பால் பீச்சி எடுப்பது எப்படி

26, 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் சேர்ந்து வராது. கர்ப்ப வாரக் கணக்கில் 32–34 வார வாக்கில்தான் அது கூடிவரும். அதுவரை வயிற்றுக்குள் இறக்கிய மெல்லிய குழாய் வழியாகத்தான் பால். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு 1 மில்லிகூட இருக்காது. ‘இத்தனூண்டுக்கு இவ்வளவு பாடா?’ என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் சுரப்பு நிலைபெறுவது முதல் இரண்டு வாரத்தில். அப்போது விட்டுவிட்டால், குழந்தை வளர்ந்து நிறையக் கேட்கும்போது பால் இருக்காது.

முடிந்தால் பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். சிசேரியன் ஆனவர்கள் படுத்தபடியே நர்ஸைக் கூப்பிட்டுச் செய்யலாம். முதல் இரண்டு மூன்று நாள் கைதான் நல்லது. சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். பம்ப்பில் எடுத்தால் பாதி அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சோப்பு போட்டுக் கை கழுவி, மார்பை ஓரிரு நிமிடம் மெல்லத் தடவிவிடுங்கள். காம்பிலிருந்து சுமார் ஒரு அங்குலம் தள்ளி, மேலே கட்டைவிரலும் கீழே ஆள்காட்டி விரலும் எதிரெதிராக வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி, விடுங்கள். இதே தாளத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சில நிமிடம் வராமல் பிறகு வருவது சகஜம். சொட்டு குறைந்ததும் விரலைச் சுற்றிலும் இடம் மாற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். மொத்தம் 20–30 நிமிடம். காம்பையே பிடித்து நசுக்கினால் வலிதான் மிஞ்சும், பால் இருப்பது அதற்குப் பின்னால். தோல்மேல் விரலைத் தேய்த்து இழுத்தால் புண்ணாகும். சொட்டுகளைச் சுத்தமான 1 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சி வார்டில் கொடுத்துவிடுங்கள். குழாயில் பால் தொடங்காத குழந்தைக்கும் சில வார்டுகளில் அதைக் கன்னத்தின் உட்புறம் ஓரிரு சொட்டு தடவுவார்கள். ஆகவே துளியையும் கொட்ட வேண்டாம்.

அளவைவிட எண்ணிக்கைதான் முக்கியம்: 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை. இரவில் ஒரு முறையாவது அலாரம் வைத்து எழ வேண்டும், பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு இரு பக்கமும் ஒன்றாக எடுக்கும் மின் பம்ப் கிடைத்தால் 15–20 நிமிடம் போதும். பம்ப்பின் வேகத்தைக் கூட்டினால் பால் கூடும் என்பது தவறு. வலி வந்தால் பால் இறங்குவது தடைபடும். இரண்டாம் வார முடிவில் நாளுக்கு 500 மில்லியைத் தொடுவது நல்ல நிலை. 350 மில்லிக்குக் கீழே இருந்தால் உடனே வார்டில் சொல்லுங்கள்.

நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்த பாலை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்த்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். தாயின் பெயர், தேதி, நேரம் ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கட்டும். குளிர்ந்த பாலை வெதுவெதுப்பான நீரில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது.

பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்றவைக்கும் வழி, இப்போது வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்துப் பீச்சுங்கள். காய்ச்சலும் சிவந்த கட்டியும் சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள். பீச்சுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் பால் போதாதபோது மாவுப் பாலுக்கு முன் தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு மாவுப் பாலால் குடல் அழுகும் ஆபத்து கூடுதல். மூன்று நான்கு வாரத்தில் சுரப்பு இறங்கினால், மருத்துவர் அனுமதித்ததும் குழந்தையைக் கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்து, இறக்கியவுடனே பீச்சிப் பாருங்கள்.