தைராய்டு கண்ணுக்கு பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி.: "தம்பி, எந்தப் புள்ளியைப் பாக்கட்டும்?"

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தைராய்டு கண் நோயாளிக்கு இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி. எடுத்துக்கொண்டிருந்தாள். தைராய்டு கோளாறோடு சேர்ந்து வந்து, கண்ணைத் துருத்தவைக்கும் நோய் அது. திரையில் மாறி மாறி வரும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கவைத்து, விழித்திரை எழுப்பும் மின் அலையைப் பதிவதுதான் இந்தச் சோதனை. எரிச்சல் வந்தது, அவள்மேல் இல்லை, பழைய என்மேல். இந்த நோயாளிகளிடம் நாம் செய்யும் தவறுகள்தான் இங்கே; ஒயர் மாற்றிச் செருகுவதையெல்லாம் எழுதப்போவதில்லை. அதை மெஷினே திட்டிச் சொல்லிக்கொடுக்கும்.

இரு கண்ணும் திறந்த பதிவு

வழக்கமாக அப்படித்தான் எடுப்போம். பார்வை அலையாது, நேரமும் மிச்சம். ஆனால் இந்த நோயில் கண்ணின் கீழ்த்தசை தடித்து இறுகி, கண்ணைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ஒரு கண் திரையின் நடுவில் நிற்க, மற்றது வேறெங்கோ இருக்கும்.

பெங்களூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அல்சூரிலிருந்து வந்த ஒரு அம்மா, "தம்பி, கட்டம் ரெண்டா தெரியுது, எந்தப் புள்ளியைப் பாக்கட்டும்?" என்று கேட்டார். "நடுவுல இருக்கறதைப் பாருங்கம்மா" என்றேன். இரண்டுக்கும் நடு உண்டு என்பது எனக்கு உறைக்கவில்லை.

இந்தப் பதிவில் முதலில் மேலே எழுவது பி50 அலை, அடுத்துக் கீழே இறங்குவது என்95. அந்த அம்மாவின் வலது கண்ணில் இரண்டு அலையுமே குட்டை. தடித்த தசையால் பார்வை நரம்பு நெருக்கப்பட்டால் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது என்95. அது, பார்வை நரம்பாக நீளும் கேங்க்லியான் செல்களின் குரல். பி50-யும் சேர்ந்து விழுந்தால் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) கோளாறாக இருக்கலாம், அல்லது கண் திரையையே பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் 'மாக்குலா' என்று எழுதினேன். அவரை ரெட்டினா பிரிவுக்கு அனுப்பினார்கள். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் சுத்தமாக இருந்தது. ஒரு வாரம் போய்விட்டது. "சிவப்புப் புடவை செங்கல் மாதிரி தெரியுது" என்று, நரம்பு நெருக்கத்தின் அடையாளமான நிறம் மங்குவதை அவர் சொன்ன பிறகுதான் சீனியர் மேடம் ஒரு கண்ணை மூடி, மறுபடி எடுத்தார். பி50 எழுந்தது, என்95 எழவில்லை. சி.டி. ஸ்கேனில் கண்குழியின் ஆழத்தில் தடித்த தசைகள் நரம்பைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தன. அன்று மாலையே மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். நிறம் பெருமளவு திரும்பியது. அந்த ஒரு வாரம் மட்டும் என் கணக்கில் நிற்கிறது.

இரட்டையாகத் தெரிகிறது என்றால் ஒவ்வொரு கண்ணாக எடுங்கள். அவர்கள் தாடையைத் தூக்கித்தான் பார்ப்பார்கள். தலையை அழுத்தி நேராக்காதீர்கள். நாற்காலியை உயர்த்தினால் திரை கண்ணுக்குக் கீழே வந்துவிடும். திரை இருக்கும் தூரத்துக்கான பவர், சோதனைக் கண்ணாடியான ட்ரையல் ஃப்ரேமில் இருக்கட்டும்.

கண்பாப்பாவைச் சொட்டு விட்டு விரித்தபின் பேட்டர்ன்

கூடாது. அந்தச் சொட்டு, விழித்திரை முழுக்க வெளிச்சம் அடித்து எடுக்கும் ஃபுல் ஃபீல்டு ஈ.ஆர்.ஜி.க்கு.

"6/6 இருக்கே"

எழுத்துப் பலகையில் பார்வை முழுசாக இருந்தாலும் நரம்பு நெருக்கப்படலாம்.

ஆர்.ஏ.பி.டி. இல்லையென்று நிம்மதி

டார்ச்சை மாற்றி மாற்றி அடிக்கும்போது ஒரு கண்ணின் வெளிச்சத்துக்குக் கண்பாப்பா குறைவாகச் சுருங்குவதுதான் ஆர்.ஏ.பி.டி. டார்ச் காட்டுவது இரு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டு நரம்பும் ஒரே அளவில் நெரிந்தால் வித்தியாசம் ஏது? இந்த நோயில் அது அபூர்வமும் இல்லை.

இஷிஹாராவோடு நிறுத்துவது

புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அந்த நிறச் சோதனைப் புத்தகம் சிவப்பு-பச்சைக்கு. இங்கே நீலம்-மஞ்சளும் போகலாம்.

இமைக்க விடாமல் எடுப்பது

இமை மேலேறி, கண் முழுதாக மூடாமல் காய்ந்துகிடக்கும். சிறிது நேரத்திலேயே பிம்பம் கலங்கி, அலை தானாகக் குறையும். அடிக்கடி பதிவை நிறுத்தி இமைக்கச் சொல்லுங்கள். செயற்கைக் கண்ணீர் விட்டால், பார்வை தெளியும்வரை காத்திருந்து தொடருங்கள். அலையைப் பிடிக்கக் கண்ணில் வைத்த டி.டி.எல். மின் இழை நழுவியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்; துருத்திய கண்ணில் அது கீழே சரிந்துவிடும்.