குழல் விளக்கின் கீழ் ஓடிய கறுப்புப் பட்டைகள்

வெள்ளவத்தையில் ஒரு சிறிய தேநீர்க் கடைக்குள் எங்கள் மாணவர் குறும்படத்தின் இரவுக் காட்சிகளை எடுத்தோம். வீட்டில் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது படம் முழுவதும் மங்கிய கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக நகர்ந்தன. கமெராவின் சிறு திரையில் அவை கண்ணில் படவே இல்லை.

மெமரி கார்டை மாற்றினோம். லென்ஸை இரவல் வாங்கினோம். கடைக்காரரைக் கெஞ்சிக் குழல் விளக்கையே புதிதாக மாட்டினோம். மூன்று இரவுகள் வீண்.

நான்காம் இரவு மின்சாரம் போனது. பேட்டரி விளக்கில் எடுத்த ஒரே காட்சியில் மட்டும் பட்டை இல்லை! அப்போதுதான் பொறி தட்டியது. இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. சுழற்சிக்கு இருமுறையாகக் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த கமெராவோ அங்குள்ள 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப, நொடிக்கு 30 பிரேம் (படம்), ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/60 நொடி என்று ஓடிக்கொண்டிருந்தது. விளக்கின் துடிப்போடு அது பொருந்தாததால்தான் பட்டைகள்.

மெனுவில் 25 பிரேம் என்ற தேர்வே இல்லை. ஒளிபரப்பு முறையை, கனடாவில் உள்ள 60 ஹெர்ட்ஸுக்கான என்டிஎஸ்சியிலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கான பிஏஎல்லுக்கு மாற்றிய பிறகே அது தோன்றியது. மாற்றும்போது எங்கள் கமெரா கார்டை அழிக்கக் கேட்டது. எடுத்தவற்றை முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்ததும் பட்டைகள் மறைந்தன. மெதுவாக ஓடவேண்டிய காட்சிக்கு 50 பிரேம், 1/100 வைத்தோம். அதுவும் சுத்தமாக வந்தது.