மாற்றக் காலத்தில் டீமின் நம்பிக்கையைக் கெடுக்கும் தவறுகள்

இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகின்றன. ஒரு துறை கலைக்கப்படுகிறது. புதிய தலைமை வருகிறது. பல வருடம் பழகிய மென்பொருளை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவருகிறார்கள். எந்த மாற்றமானாலும் சில மாதங்களில் "டீமில் பழைய ஒற்றுமை இல்லை" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பழியை மாற்றத்தின் மேலேயே போட்டுவிடுவது எளிது. ஆனால் ஊழியர்கள் கடினமான செய்தியைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். தங்களிடம் மறைத்தார்கள், தங்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்று தெரியவரும்போதுதான் மனம் விட்டுப்போகிறது. அங்கே நடக்கும் தவறுகளில் பல, நல்ல எண்ணத்தோடு செய்யப்படுபவை. அதனாலேயே அவை கண்ணில் படுவதில்லை.

எல்லாம் முடிவாகட்டும் என்று காத்திருப்பது

அரைகுறையாகச் சொன்னால் குழப்பம் வரும், முழுத் திட்டமும் தயாரானதும் ஒரே மீட்டிங்கில் சொல்லிவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலதிகாரிகள் அடிக்கடி கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதையும், புதிதாக ஆள் எடுப்பது திடீரென நின்றுபோனதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தகவல் கிடைக்காதபோது ஊகம் கிளம்பும். அதுவும் பெரும்பாலும் மோசமான பக்கமாகவே ஓடும்.

முழுதாகச் சொல்ல முடியாவிட்டாலும், எது முடிவாகிவிட்டது, எது இன்னும் முடிவாகவில்லை, அடுத்து எந்தத் தேதியில் பேசுவோம் என்பதைச் சொல்லலாம். அந்தத் தேதியில் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் கூட்டத்தைக் கூட்டி அதையே சொல்லுங்கள். சொன்ன தேதிக்கு வந்து பேசினார்கள் என்பதே நம்பிக்கைக்கு ஒரு காரணமாகிறது. சட்டப்படி வெளியிடக் கூடாத விஷயம் என்றால், "இதைப் பற்றி இப்போது பேச எனக்கு அனுமதி இல்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் உடனே தெரிந்துவிடும்.

கையில் இல்லாத உறுதியைக் கொடுப்பது

"யாருடைய வேலைக்கும் ஆபத்து இல்லை" என்று ஒரு மேலாளர் சொல்வது பெரும்பாலும் ஆறுதலுக்காகத்தான். ஆனால் அந்த முடிவு அவர் கையில் இல்லை. மூன்று மாதம் கழித்து ஆட்குறைப்பு வந்தால், அதன் பிறகு அவர் சொல்லும் எதுவும் எடுபடாது. உண்மையான விஷயத்தைக்கூடச் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

கொடுத்த உறுதியைக் காப்பாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் ஆலை நல்ல உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்த ஆலையில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஆகவே ஆகாது. வேலைக்கு வராமல் இருப்பது சர்வசாதாரணம். 1982-இல் ஆலையை மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டு சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் அதே ஆலை மீண்டும் ஓடத் தொடங்கியது. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. அதே ஆட்கள், அதே தொழிற்சங்கம். ஆனால் தரத்தில் அமெரிக்காவின் மிகச் சிறந்த ஆலைகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. பழுது கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற உரிமையைக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம் வேலைப் பாதுகாப்பு பற்றிய ஒப்பந்தம். நிறுவனத்தின் எதிர்காலமே ஆட்டம் காணும் நிலை வந்தால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை, அப்படி வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. யாரையும் அனுப்பவில்லை. வேலையில்லாமல் இருந்தவர்களைப் பயிற்சிக்கும் ஆலையைச் சீர்திருத்தும் பணிகளுக்கும் அனுப்பினார்கள். 2010-இல் அந்த ஆலை மூடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இடைப்பட்ட அந்த 26 ஆண்டுகள் எனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. "இந்த ஆட்கள் சரியில்லை" என்று சொல்வதற்கு முன் அவர்களை நடத்திய விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த உறுதியில் நிபந்தனைகள் இருந்ததைக் கவனியுங்கள். எந்த நிலையில் எதைச் செய்வோம், அதற்கு முன் எதையெல்லாம் முயன்று பார்ப்போம் என்று சொல்வது, பொத்தாம்பொதுவான வாக்குறுதியைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது.

முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது

ஊழியர்களின் பங்கேற்பு பற்றி 1948-இல் லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் தொழிற்சாலை. அங்கே வேலைமுறையை மாற்றும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி விழும், பலர் வேலையை விட்டுப் போவார்கள். ஆய்வில் ஒரு குழுவுக்கு வழக்கம்போல மாற்றத்தை விளக்கிச் சொல்லி நடைமுறைப்படுத்தினார்கள். வேறு இரண்டு குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்து, புதிய முறையை அவர்களோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். முதல் குழுவில் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுவிட்டார்கள், உற்பத்தியும் மீளவில்லை. சேர்ந்து திட்டமிட்ட குழுக்களில் யாரும் போகவில்லை. உற்பத்தி சீக்கிரமே பழைய அளவைத் தாண்டியது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் உடனே கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். முடிவு ஏற்கனவே எழுதி முடிக்கப்பட்டிருக்கும், கூட்டம் பெயருக்கு. அதைவிடக் கேட்காமலே இருக்கலாம். ஒருமுறை அப்படி ஏமாந்தவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். "துறைகளை இணைப்பது முடிவாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. எந்த வேலையை யார் பார்ப்பது, எந்த வரிசையில் மாறுவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கப்போகிறீர்கள்" என்று எல்லையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

புகார் வராததை நிம்மதி என்று நினைப்பது

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதுதான் காரணம் என்று மேலும் ஆராய்ந்தபோது தெரிந்தது. மற்ற குழுக்களில் பயந்து மறைத்திருக்கிறார்கள். பயமில்லாமல் பேச முடிகிற சூழலைப் பற்றிய அவருடைய 1999 ஆய்வுக்கு இது ஒரு தொடக்கம்.

மாற்றக் காலத்தில் இதை மறக்கவே கூடாது. புதிய முறை வேலை செய்யவில்லை என்பது முதலில் தெரிவது அதைக் கையில் எடுத்துச் செய்பவருக்குத்தான். அவர் வந்து சொல்லும்போது "நீங்கள் எப்போதுமே இப்படித்தான், எதிர்மறையாகவே பேசுவீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்த டீமும் அன்றோடு அமைதியாகிவிடும். முதலில் வந்து சொல்பவருக்கு என்ன ஆகிறது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவருக்கு நன்றி சொல்லுங்கள். சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள் என்று ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து சொல்லுங்கள். ஒன்றும் செய்ய முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பொறுப்பைப் பிரிக்காமல் ஒற்றுமையை எதிர்பார்ப்பது

புதிதாகச் சேர்ந்த குழு ஆரம்பத்தில் உரசிக்கொள்ளத்தான் செய்யும். உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-லேயே அதைக் குழு வளர்ச்சியின் ஒரு கட்டமாகச் சொல்லிவிட்டார். பதற வேண்டியதில்லை. ஆனால் நம்பிக்கைக் குறைவு என்று சொல்லப்படுவதில் பாதி, என் கணிப்பில், பொறுப்புக் குழப்பம்தான். ஒரே வேலையை இரண்டு பேர் தன்னுடையது என்று நினைத்தால் சண்டை வரும். யாருமே தன்னுடையது என்று நினைக்காவிட்டால் வேலை கெட்டுப்போய்ப் பழிபோடுவதில் முடியும். இதற்கு ஒருநாள் சுற்றுலாவும் விளையாட்டுகளும் மருந்தாகாது. எந்த விஷயத்தில் முடிவெடுப்பது யார், யாரைக் கேட்க வேண்டும், யாருக்குத் தெரிவித்தால் போதும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். உரசலில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

அப்புறம், மதிப்பீட்டு முறை. ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு வரிசைப்படுத்திவிட்டு "சேர்ந்து வேலை செய்யுங்கள்" என்று சொல்வது செல்லாது. மைக்ரோசாஃப்ட் அப்படிப்பட்ட தரவரிசை முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. குழுவாக வேலை செய்வதை ஊக்குவிப்பதும் அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

போனவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது

ஆட்குறைப்புக்குப் பிறகு எஞ்சியவர்களைப் பற்றி ஜோயல் புராக்னர் 1980-கள் முதல் ஆராய்ந்திருக்கிறார். போனவர்களை நிறுவனம் நியாயமாக நடத்தியதா என்பதைப் பொறுத்தே எஞ்சியவர்களின் ஈடுபாடும் அமைகிறது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவருடைய வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்தால், நாளை நமக்கும் இதுதான் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தோம், போனவர்களுக்கு என்ன உதவி செய்தோம் என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் செய்துகொண்டிருந்த வேலைகளில் இனி எதைச் செய்யப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

டீம் லீடை இருட்டில் வைப்பது

ஊழியர்கள் சந்தேகம் கேட்கப் போவது தலைமை அதிகாரியிடம் அல்ல, தங்கள் டீம் லீடிடம்தான். ஆனால் பல இடங்களில் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து அதே நிமிடத்தில்தான் செய்தியைக் கேட்கிறார். கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அவர் திணறும்போது அவர் மீதும் நிர்வாகத்தின் மீதும் சேர்ந்தே நம்பிக்கை குறைகிறது. ஒரு நாள் முன்பாவது அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். டீமில் என்னென்ன கேட்பார்கள் என்று அவரிடமே கேட்டு, உங்களால் பதில் சொல்ல முடியாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகள் வந்தால் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல அவருக்கு அனுமதியும், உங்களிடமிருந்து பதில் வாங்க ஒரு தேதியும் கொடுத்து அனுப்புங்கள்.