பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பை எடுக்க

தருமபுரிப் பக்கம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். தேய்த்தால் போகாது, அமிலத்தில் கரையும். 1784இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சிட்ரிக் அமிலமே போதும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 30 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு 1 மணி நேரம் விடுங்கள். நுரைத்து வருவது கார்பன் டை ஆக்சைடு. நுரை நின்றும் படிவு இருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்குங்கள். கொதிக்க வைக்காதீர்கள், கால்சியம் சிட்ரேட்டாக மறுபடி படியும். அலுமினியப் பாத்திரம் அரித்துப்போகும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: இந்தப் போர் தண்ணீரில் இருக்கும், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு ஏறத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பிடித்து வையுங்கள்.