பழைய கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் எஃபெக்ட்: எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எப்படிப் போடுவது

விண்டோவை மவுஸால் பிடித்து இழுத்தால் ஜவ்வுமிட்டாய் மாதிரி பின்னாலேயே இழுபட்டு வருகிறது. மெனு விரியும்போது திக்கித் திக்கி விரிகிறது. ஒன்றுமே ஓடாத நேரத்திலும் பிராசசர் பாதிக்கு மேல் வேலை செய்வதாகக் காட்டுகிறது. ஜி31, ஜி41 சிப்செட் போர்டும் கோர் 2 டுவோவும் உள்ள மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டு, டெஸ்க்டாப் எஃபெக்ட்டுகள் (விண்டோவுக்கு நிழல், மங்கல், அசைவு போன்றவை) வைத்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்த பிராசசர்களை ஆதரிப்பதில்லை. அதனால் லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் நிறைய.

இதற்கு ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு போதும். கேம் ஆடுபவர் பார்க்கும் கணக்கு இங்கே உதவாது. டிரைவர் இன்னும் கிடைக்கிறதா, மானிட்டர் கேபிள் பொருந்துமா, கேபினெட்டுக்குள் நுழையுமா என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும். வேகம் அதற்கப்புறம்.

கார்டு உண்மையிலேயே வேண்டுமா?

மின்ட்டில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' திறந்து 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதிக்குப் போங்கள். கிராஃபிக்ஸ் என்ற தலைப்பின் கீழ் 'ரெண்டரர்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா பெயர் எதுவும் இல்லாமல் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், படம் வரையும் வேலை முழுவதையும் பிராசசரே செய்கிறது என்று பொருள். கார்டு வாங்கும் முன் இதற்குக் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் இன்ஸ்டால் செய்தபோது 'காம்பேட்டிபிலிட்டி மோடு' தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது 'நோமோட்செட்' என்ற சொல்லைப் பூட் வரியில் சேர்த்துவிடும், இன்ஸ்டால் முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைல். அதை நிர்வாகி (ரூட்) அனுமதியோடு திறந்து அந்தச் சொல்லை மட்டும் நீக்கி, 'அப்டேட்-கிரப்' கட்டளை கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும், காசும் மிச்சம்.

இன்னொரு செலவில்லாத சோதனை ரேம். போர்டிலேயே உள்ள கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில்தான் பங்கு எடுக்கும். டிடிஆர்2-800 ரேம் ஒரே ஒரு துண்டு இருந்தால் விநாடிக்கு 6.4 ஜிபிதான் போய்வரும், அதையும் பிராசசரோடு பங்கிட வேண்டும். அதே அளவில் இன்னொரு துண்டை அடுத்த சேனலில் போட்டால் அது 12.8 ஆகிறது.

உங்களிடம் இருப்பது ஐ3-2100, ஐ5-2400 போன்ற இரண்டாம் தலைமுறை மெஷின் என்றால் கார்டே வேண்டாம். அதில் உள்ள எச்டி 2000 கிராஃபிக்ஸ், படம் வரைவதற்கான தரமுறையான ஓபன்ஜிஎல்லில் 3.3 வரை தரும்; சின்னமன், கேடிஈ பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குத் தாராளம். ஜி31-இல் உள்ள ஜிஎம்ஏ 3100-உம் ஜி41-இல் உள்ள ஜிஎம்ஏ எக்ஸ்4500-உம் ஓபன்ஜிஎல் 2.1-ஐத் தாண்டாது. விண்டோ மங்கல், நிழல் எல்லாம் போட்டால் இவைதான் மூச்சு வாங்கும்.

எவ்வளவு மெமரி, எவ்வளவு வேகம்

1920×1080 திரையில் ஒரு விண்டோ முழு அளவில் இருந்தால் அதன் படத்துக்கு 1920 × 1080 × 4 பைட், அதாவது சுமார் 8 எம்பி வேண்டும். இருபது விண்டோ திறந்தாலும் 160 எம்பிதான். ஆகவே 1 ஜிபி கார்டே போதும். பிரவுசரும் கிராஃபிக்ஸ் மெமரியில் கை வைக்கும் என்பதால் 2 ஜிபி இருந்தால் நிம்மதி. 4 ஜிபி டிடிஆர்3 என்று பெரிதாக அச்சடித்த மலிவு கார்டில் அந்த 4 ஜிபியால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

லாபம் தருவது மெமரியின் வகை. பின்னணியை மங்கலாக்கும் 'பிளர்' எஃபெக்ட் ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றியுள்ள பல புள்ளிகளைப் படிக்கிறது. ஆகவே மெமரி எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறதோ அவ்வளவுதான் அதன் வேகம். என்விடியாவின் ஜிடி 710 கார்டில் டிடிஆர்3 வகை விநாடிக்கு 14.4 ஜிபி, ஜிடிடிஆர்5 வகை சுமார் 40 ஜிபி. பெயர் ஒன்று, விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜிடி 1030-இலும் இதே கண்ணாமூச்சி: 2017-இல் வந்த ஜிடிடிஆர்5 வகை 48 ஜிபி, மறு வருடம் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகை 16.8 ஜிபி. பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எந்த கார்டு

டிரைவர் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். என்விடியா தன் பழைய கார்டுகளை டிரைவர் பிரிவுகளாக ஒதுக்கி, ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. ஃபெர்மி, கெப்ளர், பாஸ்கல் என்பவை என்விடியா சிப் தலைமுறைகளின் பெயர்கள், பழையதிலிருந்து புதியது வரை. ஃபெர்மி வகைக்கு 390 பிரிவு, 2022-இல் முடிந்தது. கெப்ளர் வகைக்கு 470, 2024-இல் முடிந்தது. பாஸ்கல் வகைக்கு 580-தான் கடைசி. கைவிட்ட டிரைவரும் இன்று ஓடலாம். ஆனால் அது லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வெளியே தனியாகக் கட்டப்படுவது. கெர்னல் ஒரு படி மேலே போனதும் கட்டமுடியாமல் நின்றுவிடும். அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் கருப்புத் திரை.

இதை வைத்துப் பார்த்தால் ஜிடி 610 வேண்டாம், அது ஃபெர்மி. ஜிடி 730 வாங்கும்போது உஷார்: 128 பிட் டிடிஆர்3 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ஃபெர்மி, 64 பிட் என்றால் கெப்ளர். பிட் அதிகமாக இருப்பது நல்லது என்று நம்பி பழையதை வாங்கிவிடுவார்கள்.

ஜிடி 710 கெப்ளர் வகை. இதற்கு என்விடியாவின் டிரைவரைத் தொடவே வேண்டாம். கெர்னலோடு வரும் 'நூவோ' டிரைவரே எஃபெக்ட்டுகளுக்குப் போதும். கார்டை அது தானாக முழு வேகத்துக்குக் கொண்டுபோகாது, டெஸ்க்டாப்புக்கு அந்தக் குறை தெரியாது. 19 வாட்தான் எடுக்கும், விஜிஏ போர்ட்டோடும் கிடைக்கும். ஜிடி 1030 (30 வாட்) இதற்கு நேர்மாறு. பாஸ்கலின் வேகத்தை உயர்த்த என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் வேண்டும் என்பதால் நூவோவில் அது கடைசிவரை மந்த கதியிலேயே கிடக்கும். மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரைப் போட்டுவிடுங்கள்.

ஏஎம்டி பக்கம் இந்தத் தலைவலியே கிடையாது. ஆர்7 240, ஆர்எக்ஸ் 550 (50 வாட்) இரண்டுக்கும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் லினக்ஸுக்கு ஏஎம்டியை எடுங்கள்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் ஃபேன் சுற்றுகிறதா, தங்கப் பூச்சுள்ள பற்கள் தேயாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆன்லைனில் நம்ப முடியாத விலையில் வரும் கார்டுகளில் சில, பழைய ஃபெர்மி சிப்பில் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்துள்ள ஆரம்ப புரோகிராம்) மாற்றி எழுதிப் புதுப் பெயர் சூட்டியவை. விண்டோஸ் உள்ள நண்பர் மெஷினில் 'ஜிபியு-இசட்' ஓட்டினால், இப்படிப்பட்ட பல கார்டுகளின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டிவிடும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

ஒல்லியான பிராண்டட் மெஷின்களில் கார்டு பிராக்கெட்டின் உயரம் சுமார் 8 செ.மீ.; சாதாரண கேபினெட்டில் 12 செ.மீ. ஒல்லி கேபினெட்டுக்கு 'லோ புரொஃபைல்' கார்டு வாங்கி, அதன் குட்டை பிராக்கெட்டும் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டில் முதலில் தொலைவது அதுதான்.

மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், விஜிஏ உள்ள கார்டைத் தேடுவதே உத்தமம். டிவிஐ போர்ட்டில் தட்டையான பெரிய பின்னைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ, மலிவான இணைப்பானே போதும். துளைகள் இல்லையென்றால் அது டிவிஐ-டி, அதில் அனலாக் சிக்னலே கிடையாது. அந்த இணைப்பானைப் போட்டால் படம் வராது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏவுக்கு, உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும்.

இங்கே சொன்ன எந்தக் கார்டும் தனி மின் இணைப்பு கேட்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவதற்கு மேல் அவற்றுக்குத் தேவையில்லை. ஆனாலும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பத்து வருடம் பழசு என்றால் மூடியைத் திறந்ததும் மதர்போர்டு கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் கார்டுக்குச் செலவிடும் காசு வீண். கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, போர்டு 1.1 என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஓடும்.

போடும் முறை

பவர் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட்டில் பல வருடத் தூசி இருக்கும், காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். பழைய கார்டு என்றால் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளைத் துடைத்துவிடுங்கள். போர்டு திறந்திருக்கும்போதே பயாஸ் பேட்டரியையும் (சிஆர்2032) மாற்றிவிடுவது நல்லது. அது செத்திருந்தால் அடுத்து நீங்கள் செய்யப்போகும் செட்டிங் ஒவ்வொரு முறையும் மறந்துபோகும்.

சின்ன போர்டுகளில் கார்டு போய் உட்கார்ந்தால் சாட்டா போர்ட்கள் அதன் அடியில் மறையும். ஹார்ட் டிஸ்க் கேபிளை முதலில் செருகிவிட்டு, பிறகு கார்டை இறக்குங்கள். இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்தினால் ஸ்லாட் முனையிலுள்ள கொக்கி 'டிக்' என்று விழும். இனி ஸ்க்ரூ. மலிவு கேபினெட்டில் தகடு சற்றே வளைந்திருக்கும்; பிராக்கெட்டை இழுத்து முறுக்கும்போது கார்டின் மறுமுனை ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பிவிடும். பார்த்தால் தெரியாது, டிஸ்பிளே மட்டும் வராது. ஸ்க்ரூ முறுக்கியபின் கொக்கிப் பக்கத்தை மறுபடி அழுத்திப் பாருங்கள். எழும்புகிறதென்றால் பிராக்கெட்டின் கீழ் நாக்கை லேசாக வளைத்துவிட்டு மீண்டும் இறக்குங்கள்.

கேபிளை கார்டில் செருகுங்கள். சிரிக்காதீர்கள், பழைய போர்ட்டிலேயே விட்டுவிட்டு 'கார்டு செத்துப்போச்சு' என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்கள் ஏராளம்.

படம் வரவில்லை என்றால்

பீப் சத்தத்தைக் கேளுங்கள். அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கோளாறு. ஏஎம்ஐ பயாஸில் எட்டுக் குட்டை பீப்பும் அதையே சொல்கிறது. கார்டைக் கழற்றி மறுபடி இறக்குங்கள். பீப் இல்லை, மெஷின் ஓடுகிறது, திரைதான் கருப்பு என்றால் கேபிளைப் பழைய போர்ட்டுக்கு மாற்றி பயாஸுக்குள் போங்கள். 'இனிட் டிஸ்பிளே ஃபர்ஸ்ட்' அல்லது 'பிரைமரி டிஸ்பிளே' என்ற இடத்தில் ஆன்போர்டு என்பதைப் 'பிஈஜி' அல்லது 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' ஆக்குங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கார்டை இன்னொரு மெஷினில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால், உங்கள் போர்டின் பயாஸ் இந்தக் கார்டைவிடப் பழசு. தயாரிப்பாளர் தளத்தில் பயாஸ் அப்டேட் இருந்தால் அது ஒன்றே வழி. வாங்கும்போதே 'ஒத்துவரலன்னா மாத்திக் குடுப்பீங்களா' என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

பயாஸ் எழுத்துகள் தெரிகின்றன, லினக்ஸ் டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை என்றால், யாரோ எப்போதோ எழுதிய 'எக்ஸ்ஆர்க்.கான்ஃப்' ஃபைல் இன்னும் இன்டெல் டிரைவரைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஈடிசி, எக்ஸ்11 ஃபோல்டரில் அது இருந்தால் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போதைய லினக்ஸுக்கு அந்த ஃபைல் தேவையில்லை.

எஃபெக்ட்டுகளைப் போடுவது

உள்ளே வந்ததும் முதலில் பார்த்த 'ரெண்டரர்' வரியை மறுபடி பாருங்கள். நூவோவில் ஜிடி 710 என்றால் 'என்வி106' என்று வரும், ஏஎம்டி கார்டு என்றால் ஏஎம்டி என்ற பெயர் வரும். பிறகு சின்னமனில் 'எஃபெக்ட்ஸ்', பிளாஸ்மாவில் 'டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ்' திறந்து ஒவ்வொன்றாக வையுங்கள். பிளாஸ்மாவில் உள்ள, விண்டோ ஜெல்லி மாதிரி ஆடும் 'வாப்ளி விண்டோஸ்', விண்டோ புகைபோலச் சுருங்கும் 'மேஜிக் லேம்ப்' இரண்டும் சுமையே இல்லாதவை. பிளர் கடைசியில். அதை வைத்ததும் விண்டோ நகர்வது கனத்தால் பிளரின் அளவைப் பாதியாகக் குறையுங்கள், முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. பிளாஸ்மாவின் எக்ஸ்11 அமர்வில் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எஃபெக்ட்டுகள் மொத்தமும் நின்று, மறுபடி அழுத்தினால் திரும்பும். ஏதாவது திக்கும்போது குற்றவாளி எஃபெக்ட்டா வேறா என்று அந்த ஒரு அழுத்தில் தெரிந்துவிடும்.

என்விடியா டிரைவர் போட்டவர்களுக்கு வீடியோ ஓடும்போது திரையின் நடுவே கிடைக்கோடாகப் படம் கிழிந்த மாதிரி தெரியும். என்விடியா செட்டிங்ஸில் மானிட்டரின் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குள் 'ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன்' என்பதை டிக் செய்தால் போய்விடும்.