ஜிபிஐபி கேபிளில் ஒரு பைட் எப்படிப் போகிறது?

பழைய மல்டிமீட்டர் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 24 பின் கொண்ட தடித்த கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஜிபிஐபிதான்; அளவிடும் கருவிகளையும் கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் இணைப்பு. ஹியூலட்-பேக்கர்டு தன் கருவிகளுக்காக உருவாக்கியது, 1975-இல் ஐஇஇஇ 488 என்ற தரநிலை ஆனது.

24-இல் சிக்னல் கம்பிகள் 16 மட்டுமே. டேட்டாவுக்கு 8, மேலாண்மைக்கு 5, ஹேண்ட்ஷேக்குக்கு, அதாவது 'தயாரா, எடுத்துக்கொள், வாங்கியாச்சு' என்று பேசிக்கொள்ள, 3. இந்தக் கடைசி மூன்று புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்: இங்கே எல்லாம் தலைகீழ். வோல்டேஜ் இறங்கினால் 'ஆம்', ஏறினால் 'இல்லை'. எந்தக் கருவியும் கம்பியைக் கீழே இழுக்கலாம்; எல்லாரும் கையை எடுத்தால்தான் அது மேலே போகும்.

படி 1. கன்ட்ரோலர் (பெரும்பாலும் நம் கம்ப்யூட்டர்) மேலாண்மைக் கம்பிகளில் ஒன்றான ஏடிஎன்-ஐ இறக்குகிறது. இனி வருவது டேட்டா இல்லை, கட்டளை. முதலில் 63: 'இதுவரை கேட்டவர்கள் எல்லாம் விலகுங்கள்'. அப்புறம் 32 + 22 = 54: '22-ஆம் முகவரி மீட்டரே, நீ கேள்'. பிறகு ஏடிஎன்-ஐ விட்டுவிடுகிறது.

படி 2. ஹேண்ட்ஷேக் கம்பிகளில் என்ஆர்எஃப்டி என்றால் 'நான் இன்னும் தயாரில்லை'. மீட்டர் தயாரானதும் அதை விடுகிறது, கம்பி ஏறுகிறது.

படி 3. 'நீ யார்?' என்று மீட்டரைக் கேட்கும் '*ஐடிஎன்?' அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தான நட்சத்திரக் குறியின் மதிப்பு 42, அதாவது 32 + 8 + 2. டேட்டா கம்பிகளின் மதிப்பு வரிசையாக 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பதால் 2, 4, 6-ஆம் கம்பிகள் இறங்குகின்றன. அவை நிலைத்த பிறகே அனுப்புபவர் டிஏவி-யை இறக்குகிறார்: 'எடுத்துக்கொள்'.

படி 4. மீட்டர் என்ஆர்எஃப்டி-யை மறுபடி இறக்கி, பைட்டை வாங்கிக்கொண்டு, 'இன்னும் வாங்கவில்லை' என்று பிடித்திருந்த என்டிஏசி-யை விடுகிறது. நாலு பேர் கேட்டால் நாலாமவர் விடும்வரை அது ஏறாது.

படி 5. டிஏவி ஏறுகிறது, என்டிஏசி இறங்குகிறது, அடுத்த எழுத்து. கடைசி எழுத்தோடு, 'இதோடு முடிந்தது' என்று சொல்லும் இஓஐ கம்பியும் இறங்கும்.

கவனித்தீர்களா, எல்லாருக்கும் தாளம் போடும் கிளாக் சிக்னல் என்று ஒன்று இல்லவே இல்லை. கேட்பவர்களில் யார் மெதுவோ அவருடைய வேகம்தான் மொத்த இணைப்பின் வேகம். இதைக் குறை என்பார்கள். மந்தமான பிரிண்டரும் வேகமான மீட்டரும் ஒரே கேபிளில் ஒரு எழுத்துகூட விடாமல் பேசுவது இதனால்தான் என்பது என் கட்சி.

ஆனால் ஒருமுறை இதுவே என்னை அரை நாள் அலையவிட்டது. புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. புரோகிராம் கோட்-ஐ வரி வரியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆசிலோஸ்கோப்பை 6, 7, 8-ஆம் பின்களில் வைத்தேன். முறையே டிஏவி, என்ஆர்எஃப்டி, என்டிஏசி. என்ஆர்எஃப்டி மட்டும் கீழேயே கிடந்தது. 63 அனுப்ப மறந்திருக்கிறேன். பேப்பர் தீர்ந்த பிரிண்டர் ஒன்று இன்னமும் கேட்பவராகவே உட்கார்ந்து கம்பியை இழுத்துப் பிடித்திருந்தது.

உங்களுக்கு 7-உம் 8-உம் சேர்ந்து மேலேயே நின்றால் கதை வேறு. கேட்க யாருமே இல்லை. மீட்டரின் முகவரியைச் சரிபாருங்கள், பவர் சுவிட்சையும்.