ஐபோனில் அழிந்த நோட்ஸை கம்ப்யூட்டர் பேக்கப்பிலிருந்து எடுப்பது எப்படி?

அம்மா கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் கூட்டிப் போகிறார். பதினான்கு பெண்கள், யார் எந்த நாள் வந்தார், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்ற கணக்கு முழுவதும் அவருடைய ஐபோன் நோட்ஸில்தான் இருந்தது. மலை மேலே சிக்னல் நிற்காது, அதனால் ஐகிளவுடில் சேர்க்காமல் போனிலேயே எழுதிவந்தார். இடம் போதவில்லை என்று போனைச் சுத்தம் செய்தபோது அந்த நோட்டும் போய்விட்டது. அடுத்து வந்த சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஒரு நாள் விட்டுப்போனாலும் அது அவர் வீட்டு அடுப்பில் தெரியும்.

முதலில் நோட்ஸில் 'ரீசென்ட்லி டெலீட்டட்' ஃபோல்டரைப் பாருங்கள். அழித்தவை 30 நாள் அங்கே கிடக்கும். எங்களுக்கு அதுவும் காலி.

அடுத்தது, ஐபோனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஐட்யூன்ஸ் மென்பொருள் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருக்கும் பேக்கப். இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: இப்போது போனைக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். ஒரு போனுக்கு ஒரு ஃபோல்டர்தான். புது பேக்கப் பழையதின் மேலேயே போய் உட்காரும். நான் கேபிளைச் செருகினேன், பேக்கப் தானாக ஓடியது, நோட் இருந்த பழைய பேக்கப் போயே போய்விட்டது. லேப்டாப் மாற்றியபோது அந்த ஃபோல்டரை ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்திருந்தேன். அதுதான் காப்பாற்றியது.

விண்டோஸில் உங்கள் பெயருள்ள ஃபோல்டரைத் திறந்து, ஆப்டேட்டா, ரோமிங், ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க், பேக்கப் என்று உள்ளே போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும். ஐட்யூன்ஸை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து போட்டிருந்தால் உங்கள் பெயருள்ள ஃபோல்டரிலேயே 'ஆப்பிள்' என்று ஒன்று இருக்கும், அதற்குள் மொபைல்சிங்க். அந்த பேக்கப் ஃபோல்டரை முழுதாக வேறு இடத்தில் நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள்.

உள்ளே பெயரே புரியாத ஃபைல்கள் குவிந்திருக்கும். பயப்பட வேண்டாம், நோட்ஸ் டேட்டாபேஸுக்கு எல்லாப் போனிலும் ஒரே பெயர்தான். '4எஃப்' ஃபோல்டரில் '4எஃப்98687' என்று தொடங்கும் ஃபைலைத் தேடுங்கள். அதை 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' மென்பொருளில் திறங்கள். இலவசம், எனக்கு இதுவே போதுமாக இருந்தது. காசு கேட்கும் மீட்பு மென்பொருள்களை வாங்கவே வேண்டாம் என்பேன்.

பெயரில் 'கிளவுட்சிங்கிங்ஆப்ஜெக்ட்' என்று வரும் டேபிளில் நோட்டின் தலைப்பு இருக்கும். அந்த வரிசையின் 'இசட்_பிகே' எண்ணைக் குறித்துக்கொண்டு, 'நோட்டேட்டா' என்று முடியும் டேபிளில் 'இசட்நோட்' என்ற நெடுவரிசையில் அதே எண்ணைத் தேடுங்கள். பக்கத்திலுள்ள 'இசட்டேட்டா'வில்தான் எழுதியது இருக்கிறது.

ஆனால் அங்கே வெறும் 'பிளாப்' என்றுதான் காட்டும். எனக்கு இரண்டு இரவு போனது இதில்தான். அது அழிந்த தகவல் இல்லை, ஜிஜிப் முறையில் சுருக்கிய தகவல். அந்தக் கட்டத்தை எக்ஸ்போர்ட் செய்து, பெயரின் கடைசியில் புள்ளி ஜிஇசட் என்று வைத்து, 7-ஜிப்பில் விரியுங்கள். வரும் ஃபைலை நோட்பேட்++ஸில் திறங்கள். தமிழுக்குப் பதில் தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்துகள் வரிசையாக நின்றால் 'என்கோடிங்' மெனுவில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மென்பொருள் அதைத் தனித்தனியாகப் படித்ததால் வந்த குழப்பம். கடைசியில் வரும் கிறுக்கலை விட்டுவிடுங்கள், அது எழுத்தின் வடிவம் பற்றிய தகவல்.

'செல்வி 5 நாள்' என்று முதல் வரி தெரிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். பேக்கப்புக்குப் பிறகு வந்த மூன்று வாரக் கணக்கு மட்டும் அதில் இல்லை. அதைப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டோம்.

பின்னர் சேர்த்தது: ஃபைல் திறக்கவே மறுக்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பேக்கப் எடுக்கும்போது பாஸ்வேர்டு போட்டிருந்தால் இந்த வழி செல்லாது. பாஸ்வேர்டு நினைவிருந்தால் வேறொரு பழைய ஐபோனில் அந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்து நோட்டை எடுக்கலாம். அதே போனில் செய்தால் இப்போதுள்ள படங்களும் மெசேஜ்களும் போய்விடும். தனியாகப் பூட்டு போட்ட நோட்டையும் இப்படிப் படிக்க முடியாது.